டிரான்ஸ்ஃபெரின் உள்ளே போயிற்றா, மேலே ஒட்டியிருக்கிறதா?

செல் வெளியிலிருந்து புரதத்தை எடுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றிய டிரான்ஸ்ஃபெரின் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) ஓர் எளிய வழி. பினாங்கிலோ கேஎல்லிலோ இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு.

இரும்பு சுமந்த டிரான்ஸ்ஃபெரின் செல்லின் ஏற்பியில் ஒட்டும். ஏபி-2 புரதம் ஏற்பியைப் பிடிக்க, சவ்வின் உட்புறத்தில் கிளாத்ரின் கூடு கட்டும். சவ்வு அங்கே குழிந்து ஆழமானதும் டைனமின் என்ற புரதம் அந்தக் குழிவின் கழுத்தை அறுத்து, பையாக உள்ளே விடும். அந்தப் பை சேரும் எண்டோசோம் என்ற உள்ளறையில் பிஎச் 6க்குக் கீழே இறங்க, இரும்பு கழலும். புரதமோ ஏற்பியை விடாது, செல்லின் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து, அங்குள்ள பிஎச் 7.4இல்தான் விடும். பிரௌனும் கோல்ட்ஸ்டீனும் ஆராய்ந்து 1985இல் நோபல் வாங்கிய எல்டிஎல் (கொலஸ்ட்ரால் சுமக்கும் துகள்) கதை வேறு: அது ஏற்பியை விட்டு, செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குப் போய்ச் சிதையும்.

ஹீலா செல்களை (லேபில் வளர்க்கும் மனிதச் செல் வகை) சீரம் இல்லாத மீடியத்தில் 30 நிமிடம் வையுங்கள். சீரத்தில் மாட்டு டிரான்ஸ்ஃபெரின் இருக்கிறது, ஏற்பிகளை அது பிடித்துக்கொள்ளும். மீடியத்தில் பிஎச்சை நிலைநிறுத்தும் ஹெப்பிஸ் பஃபர் 20 மில்லிமோலார் சேருங்கள். இன்குபேட்டருக்கு வெளியே வெறும் பைகார்பனேட் தாங்காது, பிஎச் ஏறி மீடியம் ஊதாவாகிவிடும். பிறகு ஐஸ்மேல் 25 மைக்ரோகிராம்/மில்லிலிட்டர் டிரான்ஸ்ஃபெரினோடு 30 நிமிடம். குளிரில் ஒட்டும், உள்ளே போகாது.

இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. ஐஸ் கட்டி கட்டியாக இருந்தால் தட்டின் அடிப்பகுதி அதில் சரியாகப் படியாது. நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மேலே உலோகத் தகடு போட்டு, அதன்மேல் தட்டை வையுங்கள். ஏர்கோன் ஓடினாலும் நம் ஊர் லேபில் ஐஸ் சீக்கிரம் கரையும். செல் 10 டிகிரியைத் தாண்டினால் மெல்ல இழுக்கத் தொடங்கிவிடும்.

குளிர்ந்த பிபிஎஸ்ஸால் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கழுவி, 37 டிகிரி மீடியம் ஊற்றி 5 நிமிடம்; ஒட்டியது இப்போது உள்ளே போகும். அரைமணி விட்டால் பாதிக்குமேல் வெளியே திரும்பியிருக்கும்.

அடுத்து, மேலே மிச்சமிருப்பதைக் கழற்ற வேண்டும். அமிலக் கழுவல் மட்டும் செய்துவிட்டு நிறுத்துவது வீண்: இரும்பு கழன்ற புரதம் ஏற்பியிலேயே தொங்கும். பிஎச் 5 அசிட்டேட் பஃபர், அதில் கழலும் இரும்பைப் பிடித்துக்கொள்ள 50 மைக்ரோமோலார் டெஸ்ஃபெரியாக்சமின். அப்புறம் புரதம் ஏற்பியை விட, கட்டாயம் பிஎச் 7.4 பஃபர், இரண்டும் ஐஸ்மேல். 37 டிகிரிக்கே போகாத ஒரு கவர்ஸ்லிப்பையும் (செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி) இதே மாதிரி கழுவுங்கள். அது ஒளிர்ந்தால் மற்றப் படங்களை நம்ப வேண்டாம்.

சாயத்தில் எஃப்ஐடிசி தவிர்க்கவும்: அமில எண்டோசோமில் மங்கிவிடும், உள்ளே போகவில்லை என்று தப்பாக எழுதுவீர்கள். அலெக்ஸா 488 அங்கே மங்காது. டைனமினைத் தடுக்க டைனசோர் 80 மைக்ரோமோலார் போதும், ஆனால் துளி சீரம் இருந்தாலும் மருந்து அதில் ஒட்டி வலுவிழக்கும். கூடவே, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட செல்கள் ஒரு தொகுதி வேண்டும்.