15 நிமிஷ இறால் பாஸ்தாவும் என் மாமியாரும்

"15 நிமிஷத்துல இறால் பாஸ்தா" என்று வீடியோவில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னபோது மணி மாலை 6.10. நாங்கள் நாலு பேரும் தட்டைக் கையில் எடுத்தபோது 9.05.

நடந்தது போன மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு நாள். பள்ளிக்கூட லீவுக்குப் பேத்தியைப் பார்க்க மாமியார் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். மனைவி ஓஎம்ஆர் ஆபீஸிலிருந்து போன் பண்ணி, "லேட்டாகும், அம்மாவை அடுப்படிக்குள்ள விடாதீங்க, வந்த இடத்துலயாவது உக்காரட்டும்" என்றாள். நானும் வீரமாக, இன்று நான் சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹோட்டலில் ஆர்டர் பண்ணியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் லூப் ரோடு மீன் கடைகளுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்தான். ஆனால் நான் மறந்துபோன விஷயம், அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கரையோரம் போய்விட்டு வரும் ஃபைபர் படகில் கிடைப்பதுதான் கடல் சரக்கு, மிச்சமெல்லாம் பண்ணையில் வளர்ந்த வனாமி இறால். "இன்னாத்துக்கு சார், தொக்கா, வறுவலா?" என்று கேட்ட மீன்கார அக்காவிடம், பெருமையை மறைக்கத் தெரியாமல் "பாஸ்தாவுக்கு" என்றேன். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "ஒயிட் சாஸா, ரெட் சாஸா?" என்றார். இரண்டும் இல்லை, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் என்று நான் இழுத்ததும், "அப்போ வாலை மட்டும் விட்டு உரிக்கணும், போட்டோல அப்டித்தான் இருக்கும்" என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டு, உரித்துத் தருகிற அம்மா டீ குடிக்கப் போயிருக்கிறார், அரை மணி நேரம் ஆகும் என்றார்.

அரை மணி நேரமா? என் சமையலே கால் மணி நேரம்தானே! உரிக்காமல் அரை கிலோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைய மொத்தக் கேட்டுக்கும் அதுதான் பிள்ளையார் சுழி.

வீடியோவில் அந்தப் பையன் ஒரு கிண்ணத்தைக் காட்டுவான், அதில் குளித்து முடித்த குழந்தைகள் மாதிரி இறால் பளபளவென்று அடுக்கியிருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் அது எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. தலையைத் திருகினேன், பழுப்பாக ஏதோ என் பனியனில் தெறித்தது. ஓட்டை இழுத்தேன், பாதி சதையோடு வந்தது. முதுகில் கத்தியால் கீறி அந்தக் கறுப்புக் குடலைத் தேடினால், அது நூல் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இருபது நிமிஷத்தில் நாலு இறால். மின்விசிறி போட்டால் அடுப்பு அணையும், போடாவிட்டால் நான் அணைந்துவிடுவேன் போலிருந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மாமியார் என்னை நேராகக் குறை சொல்லவே மாட்டார். திருமணமாகி பதினோரு வருஷம் ஆகிறது, மாப்பிள்ளை என்கிற மரியாதையில் ஒரு துளி குறைத்ததில்லை. எது சரியில்லை என்றாலும் பாராட்டாகத்தான் வரும், நாம்தான் பொருள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தவர், "மாப்பிள்ளை ரொம்பப் பொறுமையா செய்றீங்க" என்றார். இதன் பொருள், விடிந்துவிடும்.

அப்புறம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "ஈர்க்குச்சி இருக்கா?" என்றார். எங்கள் ஃபிளாட்டில் இருப்பது பூந்துடைப்பம் மட்டும். ஒரு நொடி யோசித்துவிட்டு வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார், சோப்பு போட்டுக் கழுவினார், ஒரு இறாலை இடது கையில் லேசாக வளைத்துப் பிடித்து, ஓட்டின் இரண்டு வளையத்துக்கு நடுவில் ஊக்கு முனையைச் செருகி மேலே தூக்கினார். முழுக் குடலும் அறுந்துபோகாமல் வெளியே வந்து தொங்கியது. கத்தியே தேவையில்லை. பிறகு தலை, பிறகு ஓடு, வால் மட்டும் அப்படியே. மீன்கார அக்கா சொன்ன அதே போட்டோ இறால். மிச்சமிருந்த அத்தனையையும் முடிக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அதிலும் பாதி நேரம் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டு.

அரை கிலோ இப்போது 280 கிராம். மிச்ச 220 கிராமை நான் குப்பைக்கூடைக்கு எடுத்துப் போகும்போதுதான் அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "தலையையா மாப்பிள்ளை?" அவ்வளவுதான். தலைகள் தனிப் பாத்திரத்துக்குப் போயின. ஓடுகளை ஒரு கவரில் கட்டி ஃபிரீசரில் வைத்தார், காலையில் குப்பை வண்டி வரும்வரை மே மாத வெயிலில் இறால் ஓடு வெளியே இருந்தால் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடுமாம். (மறுநாள் ஐஸ் எடுக்கப் போன என் மனைவி அலறியது தனிக் கதை. வண்டி வந்தபோது நான் மறந்துவிட்டேன்.)

அடுத்தது பாஸ்தா. 100 கிராம் ஸ்பகெட்டிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, இது இத்தாலிக்காரர்கள் கணக்கு. நாலு பேருக்கு நாலு லிட்டர். பெரிய குண்டானில் நான் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டதுமே, "இவ்வளவுமா?" என்றார். 2019 கோடையில் அவர் எங்கள் வீட்டில் இருந்தார், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு தெருவில் நின்றவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குழாயை அவர் முழுசாகத் திறந்து நான் பார்த்ததில்லை.

நான் திரும்பிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் படபடவென்று ஒரு சத்தம். பார்த்தால், ஒரு பாக்கெட் ஸ்பகெட்டியும் விரல் நீளத்துக்கு உடைந்து கிடக்கிறது. "பாப்பா வாய்க்குள்ள போகணும்ல" என்றார். இத்தாலியில் ஸ்பகெட்டியை உடைப்பது பெருங்குற்றம் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சேமியாவை உடைக்காமல் யார் போடுவார்கள் என்று கேட்டிருப்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாக்கெட்டில் போட்டபடி ஒன்பது நிமிஷம். வெந்ததும் வடிதட்டில் கொட்டினேன். அந்தப் பக்கம் கடாயில் எண்ணெய், பூண்டு, உடைத்த மிளகாய், இறால். பாப்பா ஸ்டூலில் ஏறி நின்று, சாம்பல் நிறத்தில் போட்டது ஏன் சிவக்கிறது என்று கேட்டாள். அஸ்டாக்சாந்தின் என்று ஒரு சிவப்புச் சாயம் அதன் உடம்பில் ஏற்கனவே இருக்கிறது, ஒரு புரதம் அதைப் பிடித்து நிறத்தை மறைத்து வைத்திருக்கும், சூடு பட்டதும் பிடி விட்டுவிடும் என்று விளக்கினேன். அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? மனைவி. பால் பாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். எத்தனை பாக்கெட் என்றாள். அதையும் பார்த்தேன். தேதி என்ன போட்டிருக்கிறது என்றாள்.

இறால் ஆங்கில 'சி' மாதிரி வளைந்தால் வெந்துவிட்டது, 'ஓ' மாதிரி சுருண்டால் போய்விட்டது என்று வீடியோ பையன் சொல்லியிருந்தான். நான் திரும்பி வந்தபோது கடாய் முழுக்க 'ஓ'. மாமியார் எட்டிப் பார்த்து, "நல்லா வெந்திருக்கு மாப்பிள்ளை" என்றார். இதற்கும் பொருள் எனக்குத் தெரியும்.

சரி, சாஸ் காப்பாற்றும் என்று வீடியோவை மறுபடி ஓட்டினேன். "இப்போ பாஸ்தா வேகவச்ச தண்ணி ஒரு கரண்டி ஊத்துங்க, அதுல இருக்கிற மாவுச்சத்துதான் எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கும்." நான்தான் நாலு லிட்டரையும் சிங்க்கில் கொட்டிவிட்டேனே! கடாயில் எண்ணெய் தனியாக, பாஸ்தா தனியாக, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி நின்றன.

"அந்தக் கஞ்சியா?" என்றார் மாமியார். நான் கொட்டுவதற்கு முன்பே வடிதட்டுக்கு அடியில் ஒரு அடுக்குச் சட்டியை நகர்த்தி வைத்திருக்கிறார். "வெள்ளையா, கெட்டியா இருந்துச்சு, என் காட்டன் சேலைக்குப் போடலாம்னு பிடிச்சேன். நாக்குல வச்சுப் பாத்தா உப்புக் கரிக்குது, சேலைக்கு ஆகாது. எடுத்துக்குங்க." சேலை வேண்டாம் என்று சொன்ன கஞ்சியை இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறினேன். அரை நிமிஷத்தில் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, வீடியோவில் காட்டியது போலவே மினுமினுவென்று வந்தது. எலுமிச்சை பிழிந்து, பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி தூவினேன்.

மனைவி வந்துவிட்டாள். பாப்பா சீஸ் கேட்டாள். கடல் உணவு போட்ட பாஸ்தாவுக்கு இத்தாலியில் சீஸ் போட மாட்டார்கள் என்று நான் ஆரம்பித்தேன். "அவங்க யாரும் இங்க சாப்பிட வரலியே" என்று மாமியார் நாலு துண்டு சீஸை அவள் தட்டில் பிய்த்துப் போட்டார். தானும் தட்டைக் காலி செய்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை. சேமியாதான் கொஞ்சம் தடிமனா வாங்கிட்டீங்க."

பத்தரை மணிக்குப் படுத்தேன். பாப்பா தூங்கிவிட்டாள். சமையலறையிலிருந்து ஒரு வாசனை, நல்ல மிளகு, சீரகம், நசுக்கிய சின்ன வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலே கடல். எழுந்து போய்ப் பார்த்தால் தாயும் மகளும் தரையில் உட்கார்ந்து, மதியம் மிஞ்சிய சோற்றில் இறால் தலை ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒரு தலையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மாமியார் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். "உங்களுக்குப் பசி இருக்காதுன்னு..." என்றார்.

நான் ஒன்றும் பேசாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.