ரெடிங் அரை மாரத்தான்: மெதுவாக ஓடுகிறவர்களுக்காக

இங்கிலாந்தில் லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங் ஊருக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம் ஆட்களில் யாராவது ஒருவர் வருடா வருடம் கேட்டுவிடுகிறார், "நீங்க அந்த ஹாஃப் மாரத்தான் ஓடினீங்களாமே, எப்படி இருந்துச்சு, என்னால முடியுமா?" என்று. தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. பள்ளிக்கூட விளையாட்டு தினத்தில் நாற்காலி எடுத்துப் போடுகிற குழுவில் இருந்தவன் நான், என்னைப் போன்றவர்களுக்குத்தான் இது.

1983-இல் தொடங்கிய ஓட்டம் இது. வழக்கமாக மார்ச் அல்லது ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும். தூரம் 13.1 மைல், நம் கணக்கில் 21 கிலோமீட்டரும் ஒரு நூறு மீட்டர் போலவும். இங்கே சாலையோரப் பலகைகள் எல்லாம் மைலில்தான் இருக்கும், கிலோமீட்டரில் பழகியவர்களுக்கு இது ஒரு வகையில் நல்லது, பலகை அடிக்கடி வந்து பயமுறுத்தாது. ஊருக்குத் தெற்கே, எம்4 மோட்டார்வேயில் போகும்போது தனியாக ஒரு பெரிய காற்றாலை தெரியுமே, அந்த கிரீன் பார்க் அலுவலக வளாகத்தில்தான் தொடக்கம். நான் ஓடிய வருடம் முடிவு மடேஸ்கி ஸ்டேடியத்துக்குள். ரெடிங் கால்பந்து அணியின் மைதானம் அது, இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பாதையும் ஏற்பாடுகளும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், நீங்கள் ஓடும் வருடத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போது எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்று கேட்பார்கள். இங்கே கௌரவம் பார்க்காதீர்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் தொடக்கத்தில் எந்தப் பிரிவில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். இரண்டு மணி நேரம் என்று எழுதிவிட்டு இரண்டரை மணி நேரத்தில் ஓடுகிறவர், முதல் மைல் முழுக்க ஆயிரம் பேர் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற நிதானத்தில் ஓடினால் ஏறத்தாழ 2 மணி 28 நிமிடம் ஆகும். என் இலக்கு அதுதான், எழுதியதும் அதுதான்.

உண்மையான கஷ்டம் ஓட்ட நாளில் இல்லை, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இருக்கிறது. வசந்தத்தில் ஓட வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் பயிற்சி எடுத்தாக வேண்டும். டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கே சூரியன் போய்விடும், காலையில் எட்டு மணி வரை வராது. அலுவலகம் போகிறவனுக்கு வார நாட்களில் வெளிச்சம் என்பதே கிடையாது. தெருவிளக்கு உள்ள சாலைகளில், மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தூறலில் ஓட வேண்டும். முதல் பத்து நிமிடம் இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்று இருக்கும். அப்புறம் உடம்பு சூடாகிவிட்டால் தூறல் ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றுமே ஓடாத நிலையில் இருந்து ஆரம்பிக்கிறவர்களுக்கு, இந்த நாட்டின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் 'கவுச் டு 5கே' (சோபாவில் இருந்து 5 கிலோமீட்டர் வரை) என்று இலவசமாக ஒரு செயலி வைத்திருக்கிறது. ஒன்பது வாரத் திட்டம், வாரம் மூன்று முறை, கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று ஆரம்பிக்கும். நான் அதில்தான் ஆரம்பித்தேன். அது முடிந்ததும் சனிக்கிழமை காலை ஒன்பது மணி பார்க்ரன். 2004-இல் லண்டன் புஷி பார்க்கில் பதின்மூன்று பேருடன் தொடங்கிய இந்த 5 கிலோமீட்டர் ஓட்டம் இப்போது எத்தனையோ நாடுகளில் நடக்கிறது. காசு கிடையாது, ஒருமுறை பெயர் கொடுத்து பார்கோடு ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் நடந்து வருவார் என்பதால், நீங்கள் நினைத்தாலும் கடைசி ஆளாக வர முடியாது! ரெடிங் பார்க்ரன் தேம்ஸ் வேலி பார்க் பக்கம் ஆற்றோரப் புல்வெளியில் நடக்கிறது, குளிர்காலத்தில் அங்கே சேறு கணுக்கால் வரை வரும், புது ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வாரத்தில் எதை விட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை விடக்கூடாது. வாரா வாரம் ஒரு மைல் கூட்டிக்கொண்டே போய், பதினொன்று வரை ஓடிவிட்டால் போதும், மீதி இரண்டு மைலை அன்றைய கூட்டம் ஓட வைத்துவிடும். நான் தேம்ஸ் ஓரமாக சோனிங் கிராமம் வரை போய்த் திரும்புவேன், தூரம் போதாவிட்டால் கென்னட் ஆற்றோரப் பாதையில் கொஞ்சம். வெள்ளம் வந்துவிட்டால் அந்தப் பாதைகளே தண்ணீருக்குள் போய்விடும், அப்போது ஊருக்குள்தான். ஓடி முடித்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வந்த பசி மாதிரி வாழ்க்கையில் வந்ததில்லை. மூன்றாவது முறை சாதம் போடும்போது என் மனைவி பாத்திரத்தையே என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டாள்.

முதலில் நான் பதிவு செய்தது 2018-க்கு. அந்த மார்ச் தொடக்கத்தில் 'பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த கடும் பனி வந்து போனது. போய்விட்டது என்று நினைத்திருந்தபோது, ஓட்டம் நடக்க வேண்டிய மார்ச் 18-ஆம் தேதியை ஒட்டி மறுபடி வந்தது. எண் அட்டை, ஊக்கு, வாழைப்பழம் எல்லாம் மேசையில் எடுத்து வைத்திருந்தேன். "ஏங்க, வெளிய வந்து பாருங்க, காரே தெரியல. இன்னைக்கு எங்க ஓடப் போறீங்க?" என்று மனைவிதான் முதலில் சொன்னாள். ஓட்டம் ரத்து. சாலை இருந்த நிலையில் வேறு வழியே இல்லை, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்த வாழைப்பழத்தை நாற்காலியில் உட்கார்ந்து தின்றேன்.

ஆக நான் ஓடியது 2019-இல்.

அன்று காலை எல்லோரும் ஓட்ஸ் கஞ்சி சாப்பிடச் சொன்னார்கள். நான் இட்லி சாப்பிட்டேன், கொஞ்சம் சர்க்கரை தொட்டுக்கொண்டு, சட்னி இல்லாமல். எளிதில் செரிக்கும், பயிற்சியின்போதும் அதையே சாப்பிட்டுப் பழகியிருந்தேன். அன்றைக்கென்று புதிதாக எதையும் வயிற்றுக்குக் கொடுக்காதீர்கள், சத்து ஜெல் உட்பட. தொடைக்கும் அக்குளுக்கும் வாசலின் தடவ மறக்க வேண்டாம். ஆண்கள் மார்புக் காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வது நல்லது, சிரிக்காதீர்கள், வெள்ளைச் சட்டையில் இரண்டு ரத்தக் கோடுகளோடு ஓடி வந்தவரை என் கண்ணால் பார்த்தேன்.

கிரீன் பார்க்கில் முதல் வேலை கழிப்பறை வரிசை. வந்தவுடன் ஒருமுறை நில்லுங்கள், வெளியே வந்ததும் மறுபடி போய்க் கடைசியில் நில்லுங்கள், கண்டிப்பாகத் தேவைப்படும். குளிருக்குக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்கள், ஐடி மேலாளர் போல இருப்பவர்கள்கூட. என் பிரிவு கோட்டைத் தாண்டும்போது முன்னால் போனவர்கள் எங்கேயோ போயிருந்தார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், எண் அட்டையில் இருக்கும் சிப் நீங்கள் கோட்டைத் தாண்டும் நொடியில் இருந்துதான் உங்கள் நேரத்தைக் கணக்கிடும்.

தொடக்கத்தில் உற்சாகத்தில் கால் தானாகப் பறக்கும். அடக்குங்கள். முதுகில் கொடி கட்டிக்கொண்டு ஓடும் வேக வழிகாட்டிகள் இருப்பார்கள், கொடியில் முடிக்கும் நேரம் எழுதியிருக்கும். உங்கள் நேரத்துக்கு உரியவர் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். சில மைல் கழித்து ரெடிங் பல்கலைக்கழக வளாகம், அதற்குள் ஏற்றம் கொஞ்சம் வந்துவிடும். பிறகு ஊர் மையம். மக்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள், மேளம், விசில், சமையலறைப் பாத்திரம் என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு. நண்பர் ஒருவர் சொன்னபடி சட்டையில் பெயரை ஒட்டியிருந்தேன், முன் பின் தெரியாத பாட்டி ஒருவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டில் ஜெல்லி பேபி மிட்டாயை நீட்டி "வெல் டன் பாலா, கீப் கோயிங் லவ்" என்றார். அத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். முழுப்பெயரை ஒட்டாதீர்கள், ஓடுகிற ஆளின் மேல் அவர்களால் வாசித்து முடிக்க முடியாது.

மையத்தைத் தாண்டி மேற்கே மறுபடி ஒரு மேடு. அங்கே பலர் நடப்பார்கள், நானும் நடந்தேன், நடப்பதில் தப்பே இல்லை. ஆனால் இன்ன விளக்குக் கம்பம் வரை என்று வைத்துக்கொண்டு நடங்கள், இல்லையென்றால் நடை நீண்டுகொண்டே போகும்.

கடைசியில் ஏ33. ஸ்டேடியத்துக்குப் போகும் அகலமான இரட்டைச் சாலை, நேராக, மொட்டையாக, வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாமல். ஆட்களும் குறைவு. எதிர்க்காற்று வேறு. ஸ்டேடியம் கண்ணுக்குத் தெரிகிறது, வரமாட்டேன் என்கிறது. இந்த ஓட்டத்தில் உடைகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறார்கள், முதல் மூன்று மைலில் வேகமாகப் போனவர்கள் முக்கியமாக. என்னைப் பல்கலைக்கழகத்தில் தாண்டிப் போன சிலரை இங்கே நான் தாண்டினேன். அவர்களில் ஒருவர் முழு வாழைப்பழ வேடத்தில் இருந்தார்.

சுரங்க வழி மாதிரி ஓர் இடைவெளி வழியாக உள்ளே திரும்பினால், சட்டென்று பச்சைப் புல்லும் நாலு பக்கமும் இருக்கைகளும். கால்பந்து பார்க்க டிக்கெட் வாங்கி உட்கார்ந்த இடத்தில் வீட்டு ஆட்கள் உட்கார்ந்து கத்துகிறார்கள், நாம் கீழே ஓடுகிறோம். கூட்டத்தில் என் வீட்டு ஆட்களை நான் பார்க்கவில்லை, அவர்கள் என்னைப் பார்த்தார்களாம். நேரம் இரண்டரை மணியைத் தொட்டுத் தாண்டியிருந்தது. இலக்கு தப்பியது, ஆனால் அந்த ஏ33 காற்றுக்கு அது போதும்.

முடித்தவுடன் உட்காராதீர்கள், உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். பதக்கம், தண்ணீர் வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள், உலர்ந்த சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், வியர்வை ஆறினால் மார்ச் குளிர் எலும்பில் இறங்கும். பஸ்ஸுக்குப் பெரிய வரிசை இருந்தது. இப்போது கவலை குறைவு, 2023-இல் ரெடிங் கிரீன் பார்க் என்று ரயில் நிலையமே திறந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த வசந்தத்துக்கு யாராவது யோசித்தால், செப்டம்பரிலேயே கவுச் டு 5கே-வை ஆரம்பித்துவிடுங்கள். சோனிங் பக்கம் ஞாயிறு காலை யாராவது துணைக்கு வந்தால் எனக்கும் நல்லது.