எந்தப் பெட்டியில் எழுதுவது, டீச்சர்?

இரண்டாம் வகுப்புக்கு நான் தரும் பயிற்சித் தாளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று ‘இயற்கை’, மற்றது ‘மனிதர் கட்டியது’. அருவி, பாலம், கடல், கோயில் என்று பிள்ளைகள் கடகடவென்று எழுதிவிடுவார்கள். சென்ற ஆண்டு, திருச்சிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடமாக ஒன்று இருக்கட்டுமே என்று ‘மலைக்கோட்டை’யையும் சேர்த்தேன். வகுப்பு அங்கேயே நின்றுவிட்டது.

“மலை தானாக வந்தது. கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். எந்தப் பெட்டியில் எழுதுவது, டீச்சர்?” என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். பேசக் கற்ற நாளிலிருந்து நான் சொல்லிவரும் பெயர் அது. அதற்குள்ளேயே இரண்டு பெட்டிகளும் இருப்பதை அந்த ஏழு வயதுக் குழந்தைதான் எனக்குக் காட்டினாள். விடையைக் கரும்பலகையில் எழுத மனம் வரவில்லை. அடுத்த வாரம், துணைக்கு மூன்று அம்மாக்களுடன் மலை ஏறினோம்.

கையால் தடவிக்கொண்டே ஏறச் சொன்னேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு தட்டுப்பட்டால் அது கட்டியது. கோடே இல்லாமல் நீண்டுகொண்டு போனால் அது மலை. இது நானே வைத்துக்கொண்ட கணக்கு. “கோடு!” “மலை!” என்று படிக்கட்டு முழுக்க ஒரே கூச்சல். சுற்றிலும் இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து கரைந்துபோக, தேயாமல் நின்றதுதான் 83 மீட்டர் உயரமுள்ள இந்தக் குன்று என்று நடுவில் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னேன்.

மேலே, மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயிலில் என் கணக்கு உடைந்தது. “கோடு இல்லை, டீச்சர். ஆனால் தூண் இருக்கிறதே?” என்றான் ஒருவன். இன்னொருத்தி உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்கே இருந்த கல்லெல்லாம் எங்கே போயிற்று?” என்றாள்.

இதற்காகத்தான் இவ்வளவு படியும் ஏறினோம் என்று தோன்றியது. கட்டுவது என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என்றுதான் குழந்தைகள் நினைக்கிறார்கள். அவர்கள் கையில் நாம் கொடுப்பதும் அடுக்கும் கட்டைகளைத்தானே. இங்கே யாரும் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. வேண்டாத கல்லை உளியால் சில்லுச் சில்லாக எடுத்தார்கள். எடுக்காமல் விட்டது தூணாயிற்று. கங்கையைச் சடையில் ஏந்தும் சிவனும் ஆயிற்று. அங்குள்ள கல்வெட்டு காவேரியைப் பற்றியும் பேசுகிறது. ஆறுகளை விரும்பும் சிவன் காவேரியின் அழகில் மயங்கிவிடுவாரோ என்று பார்வதி இந்த மலையிலேயே தங்கிவிட்டாராம். அதைச் சொன்னதும் எல்லோருக்கும் உடனே காவேரியைப் பார்த்தாக வேண்டும்.

உச்சியிலிருந்து காவேரி, அதற்கப்பால் கொள்ளிடம், நடுவே திருவரங்கத் தீவு. “மகேந்திரவர்மன் இங்கே நின்றிருந்தால் இவற்றில் எதையெல்லாம் பார்த்திருப்பான்?” என்று கேட்டேன். ஆறு, தீவு என்றவர்கள், எல்லாவற்றையும்விட உயரமாகத் தெரிந்த ராஜகோபுரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயில் என்றால் பழையது என்பது அவர்கள் முடிவு. அந்தக் கோபுரம், 236 அடி, கட்டி முடிந்தது 1987-இல்தான் என்றபோது ஒருவரும் நம்பவில்லை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள் என்றேன். பெட்டி நிரப்புவதைவிட இந்தக் கேள்வி எவ்வளவோ மேல். எது இயற்கை என்பதோடு, எது யாருடைய காலத்தில் வந்தது என்பதும் அதில் வந்துவிடுகிறது.

பயிற்சித் தாளில் இப்போது பெட்டிகள் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இதில் மனிதக் கை பட்ட இடம் எது?’ என்று மட்டும் இருக்கிறது. அடுத்து கல்லணை. அதற்காக ஒரு தட்டில் ஆற்று மணல் பரப்பி, கல்லை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடியிலுள்ள மணல் அரிபட, கல் புதைகிறது. அதன்மேல் இன்னொன்றை வைக்கிறார்கள்.

மலைக்குப் போன மறுநாள் ஒருவன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்: “டீச்சர், எங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது அதற்கு மொட்டைக் கோபுரம் என்றுதான் பெயராம்!”