வெளிப்பூச்சுக்கு மட்டும்

மருத்துவர் எழுதித் தரும் அளவுக்கேற்ப மருந்தைக் கலந்து தயாரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றியிருக்கிறேன். எங்களிடம் அதிகம் வந்தவை மூட்டுவலிக்கும் தசைவலிக்குமான சீட்டுகள். அழற்சியைத் தணிக்கும் கீட்டோபுரோஃபன் 10 விழுக்காடு, மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் 5 விழுக்காடு என ஒரே ஜெல்லில் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத பலருக்கு இது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

100 கிராம் ஜெல்லுக்கு 10 கிராம் கீட்டோபுரோஃபன் பொடி வேண்டும். அதை நிறுத்து, கண்ணாடித் தட்டில் கொட்டி, புரொப்பிலீன் கிளைக்காலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நறநறப்பு முழுவதும் மறையும் வரை தேய்க்க வேண்டும். பிறகு விழுதின் அளவுக்குச் சமமாக ஜெல்லைச் சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம். மொத்தமாகக் கொட்டிக் கலந்தால் ஓரிடத்தில் மருந்து திரண்டும் மற்றோரிடத்தில் வெறும் ஜெல்லாகவும் நின்றுவிடும். என் கவனமெல்லாம் அந்தத் தட்டின் மேலேயே இருந்தது. டப்பாவின் மேல் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற சீட்டை ஒட்டியதும் என் வேலை முடிந்ததாக எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் தோட்டவேலை செய்யும் ஒரு பெரியவர். முழங்கை வலிக்கு எங்கள் ஜெல்லைப் பூசியவர், சில வாரங்களில் திரும்பி வந்து சட்டைக் கையை மடித்துக் காட்டினார். துணி மறைத்த இடம் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, கோடு கிழித்தாற்போல, தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. "மருந்தை நிறுத்தி ஐந்து நாளாயிற்றே, அதனால் எப்படி வரும்?" என்று கேட்டார். வரும். கீட்டோபுரோஃபன் தங்கியிருக்கும் தோலில் வெயில் பட்டால் இத்தகைய எதிர்வினை உண்டாகலாம் என்பதால், பூசும் காலத்திலும் நிறுத்திய பின் இரண்டு வாரங்களுக்கும் அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைக்க வேண்டுமென ஐரோப்பிய மருந்து முகமை 2010-இலேயே வலியுறுத்தியிருந்தது. எனக்கு அது தெரியும். நாளெல்லாம் வெயிலில் நிற்பவரிடம் அதைச் சொல்லாமல் விட்டவன் நான்.

ஆலையில் தயாராகும் மருந்தோடு அச்சிட்ட விளக்கத் தாள் வரும். நாங்கள் கலந்து தரும் டப்பாவில் அப்படி எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை; மருந்தாளுநர் வாயால் சொல்வதே அதன் விளக்கத் தாள். கீட்டோபுரோஃபன் வகை மருந்துகள் வலியைத் தணிப்பது, உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களைக் குறைப்பதால்தான். வலியைத் தூண்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்களே இரைப்பையின் உட்சுவரைக் காப்பதிலும் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைப் பேணுவதிலும் பங்கு கொள்கின்றன. தோல் வழியாக உடலில் சேரும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு என்றாலும், அது சுழியம் அன்று. களிம்போடு அதே வகை மாத்திரையையும் விழுங்குபவர், இரைப்பைப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர், குருதி உறையாமைக்கு மருந்து உண்பவர், ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வந்தவர், கருவுற்று 20 வாரம் கடந்தவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் பிளாஸ்டிக் தாளால் சுற்றுவதும் உள்ளே செல்லும் அளவைக் கூட்டிவிடும்.

அப்பெரியவருக்குப் பிறகு, டப்பாவைக் கையில் கொடுக்குமுன் கேள்விகள் கேட்கத் தொடங்கினேன். என்ன மாத்திரை உண்கிறீர்கள், எவ்வளவு நேரம் வெயிலில் இருப்பீர்கள், பூசியபின் கை கழுவுவீர்களா என்ற வரிசையில், வீட்டில் பூனை உண்டா என்பதும் ஒன்று. பலர் வியப்போடு பார்ப்பார்கள். கீட்டோபுரோஃபன் வகையைச் சேர்ந்த ஃப்ளர்பிபுரோஃபன் கலந்த களிம்பை உரிமையாளர்கள் தங்கள் உடலில் பூசிக்கொண்ட வீடுகளில் பூனைகள் நோயுற்றதையும் சில இறந்ததையும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் அறிவித்து எச்சரித்ததை அவர்களிடம் சொல்வேன். அதைக் கேட்ட ஓர் அம்மையார், தன் பூனை இரவெல்லாம் தன் முழங்காலில் தலை வைத்துத்தான் உறங்கும் என்றார். களிம்பு பூச வேண்டிய இடமும் அதுவே. அன்று அவர் டப்பாவை வாங்காமல், வேறு வழி கேட்க மருத்துவரிடமே திரும்பிப் போனார்.