கூட்டுக்கு இறவாரம் உண்டா?

பிப்ரவரி 9
ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குக் கீழே, காப்பித் தோட்டத்துக் கமலா ஆரஞ்சு மரத்தின் கிளை நுனியில் ஒரு தேன்சிட்டுக் கூடு. பாதிதான் முடிந்திருக்கிறது. ஊதாத் தேன்சிட்டா, லோட்டன் தேன்சிட்டா? இரண்டு இனத்திலும் கட்டுவது பெட்டைதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 11
ஆண் வந்தால் தெரிந்துவிடும். ஊதா 10 செ.மீ. அளவுதான், வயிறும் கருநீலம். லோட்டன் 12 முதல் 13 செ.மீ., அலகு நீளம், நன்றாக வளைந்தது, வயிறு மங்கிய பழுப்பு. நெஞ்சிலுள்ள அரக்குப் பட்டையை மட்டும் நம்பக் கூடாது; ஊதாவுக்கும் மெல்லியதாக ஒன்று உண்டு. சில்வர் ஓக் நிழலில் இரண்டுமே கரிக்கட்டை. வெயில் நம் முதுகில் விழும்படி, காலை எட்டு மணிக்கு மேல் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 13
வரவில்லை.

பிப்ரவரி 15
கல்யாண முருங்கைப் பூவில் ஓர் ஆண். கீழ்ப்பக்கம் மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவே ஒரு கருங்கோடு. கூடு கட்டாத காலத்தில் ஊதா ஆண் போடும் உடுப்பு. இந்தக் கூட்டுக்கு உரியவனாக இருக்க வாய்ப்பு குறைவு. பக்கத்து மரத்தில் பார்த்த ஆணை இந்தப் பெட்டையோடு சேர்த்து எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவளோடு கூடவே பறப்பவனைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 18
இறவாரம்! இத்தனை நாள் அலகையே நினைத்துக்கொண்டிருந்தோம். ஊதாவின் கூட்டில் வாசலுக்கு மேலே கூரை விளிம்பு போல் சின்ன இறவாரம் நீட்டிக்கொண்டிருக்கும். லோட்டனின் கூட்டில் அது இருக்காது. லோட்டன் சில சமயம் கூட்டமாக வாழும் சிலந்திகளின் வலைப்பொதியைக் குடைந்தே கூடு வைத்துவிடும். இங்கே சிலந்திநூல், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாம் தொங்குகின்றன. வாசல் மொட்டையாக இருக்கிறது. ஆனால் வேலை முடியவில்லையே. பஞ்சு திணிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

பிப்ரவரி 19
10 மீட்டருக்குள் போக வேண்டாம். மறைக்கும் இலையை ஒதுக்கவே கூடாது. ஒதுக்கினால் காக்கைக்கும் செம்போத்துக்கும் நாமே வழிகாட்டியதாகிவிடும்.

பிப்ரவரி 22
காற்று. கிளை முழுக்க ஆடுகிறது. பெட்டை இரண்டு முறை வாயில் பஞ்சோடு வந்தாள்.

பிப்ரவரி 23
புருவக்கோடு தெரியவில்லை. ஊதாப் பெட்டைக்குச் சில சமயம் வெளிறிய கோடு இருக்கும். கோடு இல்லாததை மட்டும் வைத்து லோட்டன் என்று எழுத மனம் வரவில்லை. அலகைப் பக்கவாட்டில்தான் அளக்க வேண்டும். நம்மைப் பார்த்து உட்கார்ந்தால் நீள அலகும் குட்டையாகத் தெரியும்.

பிப்ரவரி 27
மேல் பாத்தியில் நிழல் மரக் கிளைகளைக் கழிக்கும் கவாத்து தொடங்கிவிட்டது. இந்த வரிசையைக் கடைசியில் வைக்கச் சொல்லியாயிற்று. முட்டை இட்டிருந்தால் அடைக்கு இரண்டு வாரம் வேண்டும்.

மார்ச் 2
உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். வாசலுக்கு வெளியே அலகு மட்டும், பக்கவாட்டில். தலையைவிட நீளம், அரிவாள் போல் நன்றாக வளைந்திருக்கிறது. இறவாரம் இல்லை.

மார்ச் 3
கவாத்துக்காரர்கள் நாலு மரம் தள்ளி.