பாடம் எடுக்கும் வக்கீலுக்கு மூன்று மணி நேரக் கணக்கு

சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே கோர்ட்டுக்கும் போகலாமா? போகலாம். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மத்திய அரசு 1979-ல் கொண்டுவந்த விதி இது. மாதச் சம்பளமா, மணிக்கணக்கில் கூலியா, பதவிக்கு என்ன பெயர் என்றெல்லாம் அந்த விதி பார்ப்பதில்லை. மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் அது பகுதிநேர வேலை.

முழுநேரப் பேராசிரியர் ஆகிவிட்டால், வக்கீல்களைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 49 குறுக்கே நிற்கும். வேலையில் சேர்ந்ததைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடவே கூடாது. பழைய வழக்குகளில் உள்ள வக்காலத்தையும் (கட்சிக்காரர் தமக்காக வழக்காட எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கையோடு வேறு வக்கீலிடம் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

கோர்ட்டுக்குப் போக முடியாத பேராசிரியர் ஊருக்குப் பயன்பட நல்ல இடம் கல்லூரியின் சட்ட உதவி மையம். அங்கே மாணவர் முதலில் கற்க வேண்டியது தேதி எழுதுவதை. செக் திரும்பிய வழக்கையே எடுத்துக்கொள்வோம். பணமில்லை என்று வங்கி தெரிவித்த தகவல் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் எதிர்தரப்புக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு. மாணவர்கள் செக்கில் உள்ள தேதியிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுவார்கள்; கணக்கு அங்கேயே பிசகிவிடும். ஆகவே வங்கி மெமோ, அது கைக்கு வந்த நாள், தபால் ஒப்புகை அட்டை மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சட்டப்பிரிவைப் பேச வேண்டும்.

இலவச வக்கீல் யாருக்குக் கிடைக்கும் என்பதையும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வருமான வரம்பு எதுவும் வைக்கவில்லை. வருமானச் சான்று இல்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம்.

வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு அனுப்பும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அங்கே சமரசம் ஆகிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. கோர்ட்டில் ஏற்கெனவே நடக்கும் வழக்கென்றால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மையத்துக்கு வந்தவரின் வழக்கை வகுப்பில் உதாரணமாகச் சொல்லவே வேண்டாம். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சில் வந்த தீர்ப்புகளே பாடத்துக்குத் தாராளமாகப் போதும்.