டப்ளினுக்குப் பிறகும் ஒரு ஆட்டம் இருந்தது

நேற்று இரவு ஒன்பதரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்ததும் மகள் கேட்டாள்: "கோப்பைதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்னப்பா மேட்ச்?"

இத்தாலியின் பெர்கமோ ஊர் கால்பந்து அணியான அடலாண்டா, டப்ளினில் நடந்த இறுதியில் ஐரோப்பிய அளவிலான யூரோப்பா லீக் கோப்பையை ஜெயித்திருந்தது. ஆனாலும் அதற்கு ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. 2024 மார்ச் 17 அன்று பெர்கமோவில் ஃபியொரென்டினா அணியோடு ஆட வேண்டியது. அன்று ஃபியொரென்டினாவின் பொது இயக்குநர் ஜோ பரோனேவுக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனது. இரண்டு நாளில் இறந்துவிட்டார். தள்ளிப்போன ஆட்டத்துக்கு ஜூன் 2 வரை நாள் கிடைக்கவில்லை. இத்தாலிய லீகான சீரி ஆவில் 38, உள்நாட்டுக் கோப்பையான கோப்பா இத்தாலியாவில் 5, யூரோப்பா லீகில் 13. மொத்தம் 56 ஆட்டம். நாள் எங்கிருந்து கிடைக்கும்?

பள்ளியில் நான் டிஃபன்ஸில் ஆடியவன். "ஆளை விடாதே" என்று பி.டி. சார் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. பயிற்சியாளர் காஸ்பெரினியின் அணியை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். இந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகள் இடத்தைக் காவல் காக்கின்றன. காஸ்பெரினியின் அடலாண்டா மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் பிடித்தது. எதிராளி பந்து வாங்கப் பின்னால் போனால், நம் டிஃபெண்டர் நடுக்கோட்டைத் தாண்டியும் கூடவே ஓடுவார். ஒருவர் அசந்தால் முதுகுப்பக்கம் மொத்தமும் காலி. யூரோப்பா லீகில், இங்கிலாந்தின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில், பயிற்சியாளர் க்ளாப்பின் லிவர்பூலை 3-0 என்று அடித்தது இந்தத் துணிச்சலோடுதான். ஸ்கமாக்கா இரண்டு, பஷாலிச் ஒன்று. அடுத்த வாரம் சொந்த ஊரில் 0-1 என்று தோற்றதுதான் அந்த 13 ஆட்டங்களில் ஒரே தோல்வி.

மே 15, ரோம். கோப்பா இத்தாலியா இறுதி ஆட்டம். ஸ்கமாக்காவுக்குத் தடை. நாலாவது நிமிடத்தில் விளாஹோவிச் போட்ட கோலே யுவென்டஸுக்குப் போதுமாகிவிட்டது. 2019, 2021, இப்போது 2024: காஸ்பெரினி இதே கோப்பையின் இறுதியில் தோற்பது மூன்றாவது முறை. அப்புறம், நடுக்கள வீரர் டி ரோனுக்குத் தொடையில் அடி. 2015-இல் முதலில் வந்து, நடுவில் ஒரு வருடம் இங்கிலாந்து போய்த் திரும்பியவர். இந்த அணியின் முதுகெலும்பு. டப்ளினில் அவர் ஆட முடியாது என்று தெரிந்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எதிரே 51 ஆட்டமாகத் தோற்காத ஜெர்மன் அணி லெவர்குசென்.

மே 22, இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. 12-வது நிமிடத்தில் ஜப்பகோஸ்தா வலப்பக்கமிருந்து தாழ்வாகத் தள்ளிய பந்துக்கு, லெவர்குசெனின் பலாசியோஸுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து நம் லுக்மன் பாய்ந்து வந்தார். கோல். 26-வது நிமிடத்தில் எதிரணியின் அட்லி தலையால் தட்டியது நேராக லுக்மனிடமே வந்தது. ஜாக்காவின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளி, பாக்ஸுக்கு வெளியிலிருந்தே தூர மூலைக்கு வளைத்து அடித்தார். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேன். 75-இல் இடதுகாலால் மூன்றாவது. யூரோப்பா லீக் என்று பெயர் வந்த பிறகு அதன் இறுதியில் இதற்கு முன் ஒருவரும் ஹாட்ரிக் அடித்ததில்லை.

பெர்கமோ சின்ன ஊர். அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு கிளப் ஒரு குட்டி ஜெர்சி அனுப்பி வைக்கிறது. 1963 கோப்பா இத்தாலியாவுக்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் பெரிய கோப்பை இது. விடியும் வரை நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு சீரி ஆவில் டோரினோவை 3-0 என்று ஜெயித்து நாலாவது இடத்தையும் பிடித்தாயிற்று. நேற்று ஜெயித்திருந்தால் 72 புள்ளியோடு யுவென்டஸைத் தாண்டி மூன்றாவது. 2-3 என்று தோற்றோம். சரி, அது பெரிய விஷயமில்லை.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஸ்கால்வினி விழுந்தார். இருபது வயதுப் பையன். டப்ளினில் கொலாசினாச்சுக்குப் பதிலாக இறங்கி இரண்டாம் பாதி முழுக்க ஆடியவன். ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பை தொடங்க அன்றைக்குப் பன்னிரண்டே நாள்தான் இருந்தது, இத்தாலியின் உத்தேசப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தி வந்துவிட்டது. முழங்கால் தசைநார் அறுந்துவிட்டதாம், யூரோ இல்லை. மகள் எழுந்ததும் ஸ்கோரைக் கேட்கவில்லை. "அந்த அண்ணாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்றுதான் கேட்டாள்.